பழைய சர்வரை அணைக்கும் முன்: மாங்கூழ் ஃபேக்டரியில் புது சர்வர் போடுவதற்கான திட்டம்

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரி. அங்கே விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஓடும் ஒரு பழைய சர்வர். அதில் கணக்கு எழுதும் டேலி, லாரி எடை மேடையான வேபிரிட்ஜின் புரோகிராம், எல்லோரும் கோப்பு போட்டு வைக்கும் ஒரு ஷேர் ஃபோல்டர். பத்துப் பேர் ரிமோட் டெஸ்க்டாப்பில் (தங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே சர்வரின் திரையைத் திறந்து) உள்ளே வந்து வேலை செய்கிறார்கள். முதலாளி புது சர்வர் வாங்கி வைத்துவிட்டு, "ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஓஎஸ் போட்டுவிடு" என்கிறார். நீங்கள் இதுவரை டெஸ்க்டாப்பில்தான் விண்டோஸ் போட்டிருக்கிறீர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது, விண்டோஸா, லினக்ஸ் வகையான உபுண்டுவா, ஒரு ஞாயிறு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புது மெஷினில் விண்டோஸ் சர்வரைப் போட முக்கால் மணி நேரம் போதும். அப்டேட் எல்லாம் இறங்கி ரீஸ்டார்ட் ஆக இன்னும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி மனதில் இருக்கும் கணக்கு இதுதான். அதற்கு முன்னால் மூன்று வாரம் வேண்டும் என்று அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். பழைய சர்வரில் இத்தனை வருடமாக என்னென்ன வந்து சேர்ந்திருக்கிறது என்பது முழுசாக ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த மூன்று வாரம்.

நான் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். ஒரு ஃபேக்டரியில் சனிக்கிழமை ராத்திரி புது சர்வரை ஏற்றி, டேலியைத் திறந்து பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கள் காலை ஆறு மணிக்கு போன். கேட்டில் மாங்காய் லோடு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, எடை வரவில்லை. வேபிரிட்ஜில் எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து வரும் கேபிள் கேபினில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்று நினைத்திருந்தேன். அது சுவர் வழியாக வந்து பழைய சர்வரின் பின்பக்கம் சீரியல் போர்ட்டில் செருகியிருந்தது. புது சர்வரில் அந்த போர்ட்டே கிடையாது. டவுனில் கடை திறக்கும் வரை காத்திருந்து, யுஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கி வந்து மாட்டி, எடை வரும்போது மணி பதினொன்று. அதுவரை விவசாயிகள் பழத்தோடு வெயிலில் நின்றார்கள். கேபிளைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்து பார்த்திருந்தால் போதும், நான் பார்க்கவில்லை. அதிலிருந்து எந்த சர்வரைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுவிடுகிறேன்.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். முதல் பக்கத்தில் பழைய சர்வரின் பின்பக்கத்தை போனில் படம் எடுத்து ஒட்டி, ஒவ்வொரு கேபிளும் எங்கே போகிறது என்று நடந்து பார்த்து எழுதுங்கள். அடுத்து மெஷினுக்குள். எந்த சர்வீஸ்கள் ஓடுகின்றன, டாஸ்க் ஷெட்யூலரில் ராத்திரி என்ன நடக்கிறது, எந்த ஃபோல்டர்கள் ஷேர் ஆகியிருக்கின்றன, யாருக்கு எந்த அனுமதி, எந்தெந்த பிரிண்டர், ஐபி முகவரி என்ன. மற்ற கம்ப்யூட்டர்கள் இந்த சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றனவா, ஐபி எண்ணை வைத்தா என்பதை விட்டுவிடாதீர்கள். பெயரும் எண்ணும் அப்படியே புது மெஷினுக்கு வந்துவிட்டால் பத்து கம்ப்யூட்டரில் போய் ஒவ்வொன்றாக மாற்றுகிற வேலை மிச்சம்.

அப்புறம் மனிதர்களிடம் கேளுங்கள். வேபிரிட்ஜில் உட்காரும் அக்காவிடம், அக்கவுண்டன்ட் சாரிடம், லேபில் இருப்பவரிடம், டிஸ்பாட்ச் பார்ப்பவரிடம். "சர்வரில் என்ன பயன்படுத்துகிறீர்கள்" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார்கள். "காலையில் வந்ததும் முதலில் எதைத் திறப்பீர்கள், அப்புறம் எது, மாதக் கடைசியில் எது" என்று கேளுங்கள், எல்லாம் வெளியே வரும். முடிந்தால் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது நம் பக்கத்து ஃபேக்டரிகளில் வழக்கமாக மாட்டுகிற சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். வேபிரிட்ஜ் சீட்டு தமிழில் அச்சாகிறது என்றால் அந்தப் புரோகிராம் பெரும்பாலும் பாமினி மாதிரி ஒரு பழைய ஃபாண்ட்டில் ஓடும், யுனிகோடில் இருக்காது. புது விண்டோஸில் அந்த ஃபாண்ட் கிடையாது. விவசாயி கையில் போகும் சீட்டில் அவர் பெயருக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறியுமாக இருக்கும். பழைய மெஷினின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் காப்பி எடுத்து வையுங்கள்.

அடுத்தது தேதி. விண்டோஸ் சர்வரைப் போடும்போது அமெரிக்க முறை தேதிதான் தானாக வந்து நிற்கும்: மாதம் முதலில், நாள் பிறகு. விபி (விஷுவல் பேசிக்) மொழியில் எழுதிய பழைய புரோகிராம்கள் பல, தேதி எந்த முறையில் இருக்கிறது என்று விண்டோஸைத்தான் கேட்கும். ஜூன் 5-ஆம் தேதி வந்த லோடு மே 6 என்று பதிவாகும். 13-ஆம் தேதியிலிருந்து எர்ரர் வந்தால் கண்டுபிடித்துவிடலாம், 12-க்குள் என்றால் தவறாகவே பதிவாகிக்கொண்டு போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ரீஜன் செட்டிங்கில் இந்தியாவைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்தாமல், புதிதாக உருவாகும் யூசர்களுக்கும் வெல்கம் ஸ்கிரீனுக்கும் அதையே காப்பி செய்யும் பட்டனையும் அழுத்துங்கள். நேர மண்டலமும் அமெரிக்காவின் பசிபிக் நேரத்தில்தான் வந்து நிற்கும், அதையும் மாற்ற வேண்டும்.

பழைய எக்ஸ்பி மெஷின் ஏதாவது கேபினில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் செய்தால் நேராக சர்வர் ஃபோல்டரில் வந்து விழுகிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்பியும் பழைய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவும் எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில் சர்வரோடு பேசுபவை. 2012 ஆர்2-வில் அது இருந்தது. விண்டோஸ் சர்வர் 2019 பதிப்பிலிருந்து பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் அதைத் தானாகப் போடுவதில்லை. திரும்ப இயக்க வழி இருக்கிறது, செய்யாதீர்கள். 2017-இல் உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் கம்பெனிகளையும் முடக்கிய வன்னாக்ரை என்ற தாக்குதல் பரவியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். எக்ஸ்பியை மாற்றுங்கள், ஸ்கேனை மெயிலுக்கோ அதன் யுஎஸ்பி பென் டிரைவுக்கோ திருப்புங்கள்.

வேபிரிட்ஜ் டேட்டாவுக்கு வருவோம். அது மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸின் பழைய பதிப்பில் இருந்தால் அந்தப் பழைய பதிப்பைப் புது விண்டோஸ் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். புதிய எக்ஸ்பிரஸ் இலவசம்தான், ஒரு டேட்டாபேஸுக்கு 2022 பதிப்பு 10 ஜிபி வரை, 2025 பதிப்பு 50 ஜிபி வரை தாங்கும். பழையதில் எடுத்த பேக்கப்பைப் புதியதில் ஏற்றலாம். புதியதில் எடுத்ததைப் பழையதற்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் மொத்தத் திட்டமும் இதில்தான் நிற்கிறது. புது சர்வரில் முதல் எடைச் சீட்டு போட்ட நிமிடத்திலிருந்து பழையதற்குத் திரும்பும் வழி குறுகிக்கொண்டே வருகிறது.

அதனால் உங்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது இதுதான்: பழைய சர்வர் மேலேயே அப்கிரேட் செய்யாதீர்கள். விண்டோஸ் சர்வர் 2025-க்கு 2012 ஆர்2-விலிருந்தே நேராக ஏறலாம் என்று மைக்ரோசாஃப்ட் வழி கொடுத்திருக்கிறது. இருந்தாலும் வேண்டாம். புது மெஷினில் புதிதாகப் போடுங்கள். பழையது எந்த மாற்றமும் இல்லாமல், அணைத்த நிலையில், ஒரு மாதம் ஓரமாக இருக்கட்டும். கேபிளை மாற்றிச் செருகி சுவிட்சைப் போட்டால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம் என்ற நிலையில்தான் உங்களால் பதற்றம் இல்லாமல் வேலை செய்ய முடியும்.

விண்டோஸா உபுண்டுவா என்ற கேள்விக்கு உங்கள் டேலியே பதில் சொல்லிவிடுகிறது. டேலி பிரைம் விண்டோஸில் ஓடுகிற மென்பொருள். லினக்ஸில் வேறு வழியில் ஓட்டுவதாகச் சிலர் சொல்வார்கள், பத்துப் பேர் சம்பளம் வாங்கும் இடத்தில் அதைச் செய்யக் கூடாது. விண்டோஸில் எது என்றால், 2012 ஆர்2-வுக்கு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, காசு கட்டி வாங்கும் நீட்டிப்பும் 2026 அக்டோபரில் முடிகிறது. 2019-க்கு 2029 ஜனவரி வரை, 2022-க்கு 2031 அக்டோபர் வரை, 2025-க்கு 2034 வரை. நானாக இருந்தால் 2022-ஐ எடுப்பேன், உங்கள் வேபிரிட்ஜ் புரோகிராம் எழுதியவர் 2025-இல் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் 2025. அவரிடம் போனில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். டேலி விற்றுச் சேவை தரும் பார்ட்னரிடமும் அதே கேள்வி.

லைசென்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே விட்ட தவறு சரியாக சீசன் நடுவில் வந்து நிற்கும். ஸ்டாண்டர்டு பதிப்பு பிராசஸர் கோர் கணக்கில் விற்கப்படுகிறது, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். அதோடு சர்வரைத் தொடும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கால் (CAL) எனப்படும் லைசென்ஸ் தனியாக வேண்டும். நிர்வாக வேலைக்கு இரண்டு பேர் ரிமோட் டெஸ்க்டாப்பில் வரலாம், அதற்கு மேல் போனால் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான ஆர்டிஎஸ் கால் என்று இன்னொன்று வேண்டும். கடைக்காரர் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார். ஆர்டிஎஸ்ஸைப் போட்டதும் லைசென்ஸ் இல்லாமலே 120 நாள் எல்லாம் நன்றாக ஓடும். ஜனவரி 25-ஆம் தேதி போட்டால் 120-ஆவது நாள் மே 25. பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வந்து இறங்குகிற நேரம். அன்றைக்குப் பத்துப் பேராலும் உள்ளே வர முடியாது. இன்னொன்று, உங்களிடம் டொமைன் (யூசர்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லை, வொர்க்குரூப்தான் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஆர்டிஎஸ் காலை டிவைஸ் கணக்கில் வாங்குங்கள். யூசர் கணக்கில் வாங்கிப் போட்டால் சர்வர் 2019 பதிப்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே தள்ளிவிடும்.

நெட்டில் இறக்கும் எவாலுவேஷன் (சோதனை) பதிப்பைப் போட்டுவிட்டு, கீ பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் வேண்டாம். அது 180 நாள், அதே ஜனவரி 25-இல் போட்டால் ஜூலை 24-ஆம் தேதி முடியும். முடிந்த பிறகு சர்வர் மணிக்கு ஒருமுறை தானாக அணையும். எழுநூறு, எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீகளைப் பற்றி முதலாளிக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பில் இல்லாத கீ எந்த நாளும் ரத்து ஆகலாம், ஆடிட்டிலும் நிற்காது.

சரி, எந்தத் தேதி? மே முதல் ஜூலை வரை சர்வரில் கை வைக்கவே கூடாது. மார்ச் கடைசி வேண்டாம், வருடக் கணக்கு. மாதத்தில் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை இருக்கும், அதனால் 20-க்குப் பிறகுதான். பொங்கல் லீவில் ஃபேக்டரி காலியாக இருக்கும் என்று நினைப்பீர்கள். அந்த நான்கு நாளும் கடை இருக்காது, டேலி பார்ட்னர் போன் எடுக்க மாட்டார், ஒரு கேபிள் போதவில்லை என்றாலும் வேலை நின்றுவிடும். உங்கள் வீட்டிலும் தேடுவார்கள். 2026 ஜனவரியில் 24 சனி, 25 ஞாயிறு, 26 திங்கள் குடியரசு தினம். இதைவிட நல்ல இடைவெளி கிடைக்காது. சனி, ஞாயிறு வேலை, திங்கள் சோதனை, செவ்வாய் எல்லோரும் வருவார்கள்.

அதற்கு முந்தைய வாரமே புது மெஷினை மேசையில் வைத்து ஓட்ட ஆரம்பித்துவிடுங்கள். அதற்கும் முன்னால் கரண்ட். நம் பக்கம் பாறை பூமி, எர்த் குழியில் ஈரம் நிற்பதில்லை. மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள், 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழியைச் சரிசெய்துவிட்டுத்தான் சர்வரை மாட்ட வேண்டும். யுபிஎஸ்ஸை நம்பாதீர்கள், சோதியுங்கள்: சர்வரை மாட்டாமல் அதே அளவு லோடு கொடுத்து, மெயினை அணைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஜெனரேட்டர் ஏறும் வரை தாங்குகிறதா, ஏறும்போது குதிக்கிறதா. கோடை மழை இடியோடு வரும்போது ஈபி கரண்ட் ஐந்து நிமிடத்தில் நான்கு முறை போய்வரும், அதைத் தாங்க வேண்டும். சர்வர் அறை 27 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. கூழ் கொதிக்கும் பகுதிக்குப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறார்கள் என்றால் இடத்தையே மாற்றச் சொல்லுங்கள்.

மெஷினை ஆன் செய்ததும் ஓஎஸ்ஸுக்குத் தாவ வேண்டாம். பயோஸ், டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு கன்ட்ரோலர் இரண்டின் ஃபர்ம்வேரையும் (உள்ளே பதிந்திருக்கும் மென்பொருள்) தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள், டேட்டா ஏறிய பிறகு இதைச் செய்ய மனசு வராது. மெஷின் தொடங்கும் பூட் முறை, புதிய முறையான யுஇஎஃப்ஐ-யில் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய லெகசி முறையில் போட்டால் 2 டிபிக்கு மேல் ஒரே டிஸ்க்கிலிருந்து பூட் ஆக முடியாது, பிறகு மாற்றுவதும் கஷ்டம். ஒரு ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் ஓடட்டும். புது மெமரியில் பிழை வராது என்று நான் நினைத்தது உண்டு, இரண்டு தடவை வந்திருக்கிறது.

டிஸ்க் நான்கு இருக்கிறது என்றீர்கள். இரண்டை ரெய்டு 1-ஆகச் (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்) சேர்த்து ஓஎஸ்ஸுக்கு, மற்ற இரண்டை ரெய்டு 1-ஆகச் சேர்த்து டேட்டாவுக்கு. இடம் அதிகம் கிடைக்கும் என்று நான்கையும் ரெய்டு 5 போடச் சொல்வார்கள். உங்கள் டேட்டா சில நூறு ஜிபிக்கு மேல் போகாது, எனக்கு எளிமையானதுதான் பிடிக்கும். ஒரு டிஸ்க் போனால் எதை உருவ வேண்டும் என்று ராத்திரி இரண்டு மணிக்கும் குழப்பம் வராது. ஒவ்வொரு டிரே மேலும் எண் எழுதி ஒட்டுங்கள். ரெய்டு இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று யாராவது சொன்னால், ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும் என்று சொல்லிவிடுங்கள்.

நிறுவும்போது மாட்டுகிற இடங்கள் மூன்று. விண்டோஸை நிறுவ இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை பென் டிரைவில் சாதாரணமாக காப்பி செய்தால் பூட் ஆகாமல் போகலாம், அதற்குள் இருக்கும் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டும், பென் டிரைவின் ஃபேட் 32 அமைப்பு அதை ஏற்காது. ரூஃபஸ் என்ற மென்பொருளைப் போட்டுத் தயார் செய்யுங்கள், தயார் செய்யும் முன் ஐஎஸ்ஓவின் எஸ்ஹெச்ஏ-256 எண் (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதைக் காட்டும் எண்) சரியா என்று ஒத்துப் பாருங்கள். அடுத்தது, பட்டியலில் முதலில் நிற்கும் ஸ்டாண்டர்டைத் தேர்ந்தெடுத்தால் ஸ்டார்ட் மெனு இல்லாத, கறுப்புத் திரை மட்டும் இருக்கும் கோர் பதிப்பு ஏறும். உங்களுக்கு வேண்டியது டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ் என்று எழுதியிருப்பது. பிறகு இதிலிருந்து அதற்கு மாற முடியாது, திரும்பப் போட வேண்டியதுதான். மூன்றாவது, டிஸ்க் ஒன்றுமே காட்டவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ரெய்டு கன்ட்ரோலர் டிரைவர் விண்டோஸிடம் இல்லை, அவ்வளவுதான். அதை இன்னொரு பென் டிரைவில் முன்னமே வைத்திருந்து லோட் டிரைவர் கொடுத்தால் காட்டும்.

ஏறிய பிறகு, எந்த மென்பொருளும் போடுவதற்கு முன் அப்டேட்டை முடியுங்கள். நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் டைம் சர்வரோடு இணையுங்கள். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு இதைக் கேட்கிறது, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. விண்டோஸின் செக்யூரிட்டி லாக் 20 எம்பி நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே எழுதும், அந்த அளவை ஏற்றிவிடுங்கள்.

இப்போது அந்த சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, பழைய சர்வரில் முழு பேக்கப் எடுங்கள். டேலி டேட்டா ஃபோல்டர், வேபிரிட்ஜ் டேட்டாபேஸ், ஷேர் ஃபோல்டர், ஃபாண்ட்கள். இரண்டு டிஸ்க்கில் இரண்டு காப்பி. அதில் ஒன்றை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், திறந்து பார்க்காத வரை அது பேக்கப் என்று கணக்கில் வராது. பழைய டேலியில் ட்ரயல் பேலன்ஸ் கூட்டுத்தொகை, கையிருப்புப் பீப்பாய் எண்ணிக்கை, கடைசி எடைச் சீட்டு எண், கடைசி இன்வாய்ஸ் எண் நான்கையும் நோட்டில் எழுதி அக்கவுண்டன்ட் சாரிடம் கையெழுத்து வாங்குங்கள். புது சர்வரில் இதே நான்கு எண்களும் வந்தால் டேட்டா வந்துவிட்டது.

டேலி லைசென்ஸ் ஒரு மெஷினோடு கட்டப்பட்டது. பழையதில் சரண்டர் செய்த பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் ஆகும். அதற்கு இன்டர்நெட்டும், லைசென்ஸ் பதிவு செய்த மெயிலின் பாஸ்வேர்டும் வேண்டும். அந்த மெயில் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். எப்போதோ வேலையை விட்டுப் போன அக்கவுண்டன்டின் சொந்த மெயிலாக இருக்கும், அதை மாற்ற நாள் பிடிக்கும். புது சர்வரில் டேட்டா சரியாகத் திறக்கிறது என்று பார்த்த பிறகு கடைசியாக சரண்டர் செய்யுங்கள். அதேபோல், பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் புதியதற்கு அந்த ஐபியும் பெயரும் கொடுக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் மோதும்.

திரும்பும் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள்: ஞாயிறு மாலை நான்கு மணி. அதற்குள் டேலி, எடை, சீட்டு அச்சு, பத்து லாகின் நான்கும் ஓடவில்லை என்றால் பழையதை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இதை முதலாளியிடம் முன்னமே சொல்லி ஒத்துக்கொள்ள வையுங்கள். அந்த நேரத்தில் களைப்பில் இருக்கும் மூளை "இன்னும் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்றுதான் சொல்லும், நானும் அப்படி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்து செய்த மாற்றங்கள்தான் மறுநாள் பெரிய சிக்கலாக வந்தன.

திங்கள் லீவு அன்று வேபிரிட்ஜ் அக்காவையும் அக்கவுண்டன்ட் சாரையும் இரண்டு மணி நேரம் வரச் சொல்லி, ஒரு வண்டியை ஏற்றி உண்மையான எடை போட்டுப் பாருங்கள். இண்டிகேட்டர் காட்டும் எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றா, காம் போர்ட் எண் (சீரியல் இணைப்புக்கு விண்டோஸ் தரும் எண்) பழையபடி இருக்கிறதா, மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகும் அதே எண்ணில் வருகிறதா. யுஎஸ்பி கன்வெர்ட்டரை வேறு ஓட்டையில் செருகினால் காம் 3 என்பது காம் 5 ஆகிவிடலாம், அதனால் செருகிய இடத்தில் டேப் ஒட்டி வையுங்கள்.

ஒரு விஷயத்தை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். முதலாளி பெங்களூரிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை வெளியே திறந்து வைத்திருப்பார்கள். பழைய சர்வரில் இருந்தால் புதியதில் அதைத் தொடர வேண்டாம். திறந்த ரிமோட் டெஸ்க்டாப்பை உலகம் முழுவதிலிருந்தும் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த மாவட்டத்திலேயே ஒரு ஆலையில் அப்படி நுழைந்து டேலி டேட்டா முழுவதையும் பூட்டிவிட்டார்கள். பேக்கப் டிஸ்க்கும் சர்வரிலேயே செருகியிருந்ததால் அதுவும் போயிற்று. அந்த வருடக் கணக்கை அச்சிட்ட பில்களை வைத்துத் திரும்ப எழுதினார்கள், எழுதி முடிக்க நான்கு மாதம் ஆனது. விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) போட்டு அதன் வழியாக மட்டும் முதலாளியை வரச் சொல்லுங்கள்.

பேக்கப்புக்கு இரண்டு வெளி டிஸ்க் வாங்கச் சொல்லுங்கள். ஒன்று செருகியிருக்கும்போது இன்னொன்று முதலாளி வீட்டில், வெள்ளிக்கிழமை மாற்றிக்கொள்ளலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கணக்குப் புத்தகத்தின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்ட்டிலிருந்து விதி, எட்டு நிதியாண்டுக் கணக்கை வைத்திருக்கவும் வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு அதற்கேற்ற ஒரு கிளவுட் இடமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டுவைப் பற்றி ஆசையாகக் கேட்டதால் ஒரு வார்த்தை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு ஐந்து வருட ஆதரவு உண்டு. பழைய சர்வரைப் பிறகு காலி செய்யும்போது அதில் போட்டுப் பழகுங்கள். நிறுவும்போது அது தரும் எல்விஎம் என்ற டிஸ்க் பிரிப்பு அமைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டால் 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் 100 ஜிபிதான் ஓஎஸ் இருக்கும் ரூட்டுக்குப் போகும், மீதி சும்மா நிற்கும். அந்தத் திரையிலேயே அளவை ஏற்றிக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து ஃபயர்வாலை இயக்கும் முன் உள்ளே வரும் வழியான எஸ்எஸ்ஹெச்-க்கு அனுமதி கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வண்டி எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போக வேண்டிவரும். எந்த லினக்ஸாக இருந்தாலும் ஆதரவு முடியும் தேதியைப் பாருங்கள், அதுவும் மாறலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸை 2029 வரை இருக்கும் என்று நம்பிப் போட்டவர்களுக்கு 2021 டிசம்பர் 31-ஆம் தேதியே கதவு மூடிவிட்டது.

நோட்டின் முதல் பக்கத்தை முடித்ததும் எனக்கு மூன்று விஷயம் அனுப்புங்கள் தம்பி: வேபிரிட்ஜ் இண்டிகேட்டரின் பின்பக்கப் படம், அந்தப் புரோகிராமில் காம் போர்ட் செட்டிங் இருக்கும் திரையின் படம், புது சர்வரின் மாடல் எண். கன்வெர்ட்டரில் எந்த சிப் வாங்க வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். 20-ஆம் தேதிக்கு முன்னால் வாங்கி, கேபினில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒருமுறை மாட்டி எடை வருகிறதா என்று பார்த்துவிடலாம்.